மறந்துபோன கதிர்க்கட்டு

பெரியவர் ஒருவர் வயலில் அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகளில் ஒன்றை மறந்து விட்டுவிட்டார். வேறொருவர் என்றால் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடியிருப்பார். இவரோ மகனைக் கூப்பிட்டு, ஆலயத்துக்குப் போய் இரண்டு காளைகளைப் பலி கொடுத்து வரச் சொன்னார். மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எத்தனையோ கட்டளைகளை வாழ்நாளெல்லாம் நிறைவேற்றிய வாப்பாவுக்கு இந்த ஒன்றில் மட்டும் ஏன் இத்தனை சந்தோஷம்? அவர் சொன்ன காரணம் எளிமையானது. மற்றக் கட்டளைகளை நினைத்துச் செய்யலாம். இதை நினைத்துச் செய்ய முடியாது. மறந்தால்தான் இது கைக்கு வரும். மறக்க வேண்டும் என்று திட்டமிட்டு யாரும் எதையும் மறப்பதில்லை.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்புகளில் ஒன்றான தொஸெஃப்தாவில் இந்தக் கதை வருகிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவுக்குத் துணையாகப் பலஸ்தீனத்தில் உருவான நூல் அது. மூஸா நபிக்கு அருளப்பட்ட தவ்றாத்தில் 613 கட்டளைகள் இருப்பதாக யூத அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். அவற்றில் சில, வேளாண்மை வெட்டும் நாளோடு சம்பந்தப்பட்டவை. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் விட வேண்டும். அதற்குப் பேயா என்று பெயர். அறுக்கும்போது கை தவறி விழுந்த கதிரைப் பொறுக்கக் கூடாது, அது லெகெட். வயலில் மறந்த கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது, அது ஷிக்ஹா. மூன்றும் ஏழைக்கும் அநாதைக்கும் விதவைக்கும் ஊர் விட்டு ஊர் வந்தவருக்கும் உரியவை.

கல்முனைப் பக்கத்து வாசகருக்கு இதில் அந்நியமாக எதுவும் இராது. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை ஊர்கள் கடலை ஒட்டிக் கிடந்தாலும் அவற்றின் செல்வம் பெரும்பாலும் மேற்கே வட்டைகளில்தான் இருக்கிறது. சம்மாந்துறையும் இறக்காமமும் வயல் நடுவிலேயே இருக்கின்றன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அது தந்த சேனாநாயக்க சமுத்திரமும் இந்த மாவட்டத்தை நாட்டின் பெரிய நெற்களஞ்சியங்களில் ஒன்றாக்கின. போடியாரும் முல்லைக்காரரும் வட்டவிதானையும் இல்லாமல் இந்தக் கரையின் கதையைச் சொல்ல முடியாது. பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணன் ‘வேளாண்மை’ என்று ஒரு காவியமே எழுதினார்.

இங்கே வேளாண்மை வெட்டினால் அடுத்த பேச்சு ஸகாத். விளைந்ததற்கு உரிய கடமையை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடும்படி அல்குர்ஆன், ஸூரா அல்அன்ஆமில் சொல்கிறது. மழையிலும் ஆற்றுப் பாய்ச்சலிலும் விளைந்தால் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒன்று. ஐந்து வஸக், அதாவது 300 ஸாஉ, சேர்ந்தால்தான் கடமை. உமியோடு சேமிக்கும் தானியத்துக்குப் பத்து வஸக் என்று இமாம் நவவி ‘மின்ஹாஜ்’ நூலில் எழுதியபோது உதாரணமாக நெல்லைத்தான் சொன்னார். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தக் கரையின் மௌலவிமாருக்கு இது பாலபாடம்.

இரண்டு சட்டங்களும் பக்கத்துப் பக்கத்து வயல்கள் போல இருந்தாலும் ஒன்றில் இருப்பது மற்றதில் அப்படியே இல்லை. ஸகாத்துக்கு அளவு உண்டு. பேயாவுக்கு மேல் எல்லை கிடையாது. அறுபதில் ஒன்றுக்குக் குறையாமல் விட்டால் போதும் என்று மிஷ்னா கீழ் எல்லையை மட்டும் வைத்தது. ஒரு ஏக்கரில் 2,000 கிலோ நெல் விளைந்ததாக வைத்துக்கொள்வோம். அறுபதில் ஒன்று 33 கிலோ சொச்சம். இருபதில் ஒன்று 100 கிலோ. பத்தில் ஒன்று 200 கிலோ. தொகையை மட்டும் பார்த்தால் ஸகாத்தே கனமானது. யூதச் சட்டத்திலும் பத்திலொரு பங்கு தனியாக உண்டு என்பதால் இந்த ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்கத் தேவையில்லை. பேயாவின் கனம் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே யாரும் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை.

மிஷ்னாவில் ‘பேயா’ என்றே ஒரு பகுதி உண்டு, எட்டு அத்தியாயங்கள். அதன் விதிகளைப் படித்தால் அதை எழுதியவர்கள் வரம்பில் நின்று பார்த்தவர்கள் என்று தெரியும். ஏழைகள் நாளுக்கு மூன்று முறை வரலாம்: காலை, நடுப்பகல், பின்னேரம். பேயாக் கதிரை அரிவாளால் அறுக்கக் கூடாது, மண்வெட்டியால் கிளறக் கூடாது. நெருக்கடியில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள். சொந்தக்காரர் ஒருவரை உள்ளே விட்டு இன்னொருவரைத் தடுத்தால், அல்லது தனக்கு வேண்டிய ஒருவருக்கு மட்டும் பொறுக்க உதவி செய்தால், அவர் ஏழைகளிடம் கொள்ளையடித்தவர் ஆகிறார். தர்மம் செய்யாதவர் என்று சொல்லி நிறுத்தவில்லை. திருடர் என்றே வைக்கிறது சட்டம். கோலூன்றி வருகிற கிழவர்களும் வந்து போன பிறகுதான், மிச்சத்தை ஏழையல்லாதவர் தொடலாம்.

ஓரத்தை ஏன் வயலின் கடைசியில் விட வேண்டும்? ரப்பி ஷிம்ஒன் நான்கு காரணம் சொன்னார். எந்த இடம் என்று சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்தால், ஆளில்லாத நேரம் பார்த்து உறவுக்காரனுக்குக் காதில் சொல்லிவிடுவார். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் ஏழை நாளெல்லாம் காத்துக் கிடக்க வேண்டும். வழியே போகிறவர்கள் ஒன்றும் விடவில்லை என்று பழி பேசுவார்கள். நான்காவது, முழுக்க அறுத்து முடிக்காதே என்பது தவ்றாத்தின் சொல்லாகவே இருக்கிறது. நான்கில் முதல் இரண்டும் ஏழையின் பக்கம் நின்று யோசித்தவை. ஏழையின் நேரத்துக்கும் விலை உண்டு என்று பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சட்டக்காரர் கணக்குப் போட்டிருக்கிறார்.

இதன் மறுபக்கத்தை ஸூரா அல்கலம் காட்டுகிறது. தோட்டத்துக்காரர்கள் சிலர் விடியற்காலையிலேயே கனி பறித்துவிடுவதென்று சத்தியம் செய்கிறார்கள். இன்று எந்த மிஸ்கீனும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று குசுகுசுத்துக்கொண்டே போகிறார்கள். போய்ப் பார்த்தால் இரவோடு இரவாகத் தோட்டம் கருகிக் கிடக்கிறது. வழி தவறி வேறிடம் வந்துவிட்டோமோ என்று முதலில் நினைக்கிறார்கள். அவர்களின் தகப்பன் காலத்தில் ஏழைகளுக்கு அந்தத் தோட்டம் திறந்திருந்தது என்றும், அது யமனில் ஸன்ஆவுக்கு அருகே இருந்தது என்றும் தப்ஸீர் ஆசிரியர்கள் சிலர் எழுதுகிறார்கள். பிள்ளைகள் செய்த குற்றம் கஞ்சத்தனம் மட்டுமா? விடியுமுன் போனதில்தான் விஷயம் இருக்கிறது. ஏழைகள் வரும் நேரம் அவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் ஏழைகளுக்கு உரியது என்பதும் தெரியும்.

இங்கேதான் தத்துவக்காரர்களை நெடுநாள் அலைக்கழித்த கேள்வி எழுகிறது. இறைவன் இட்ட கட்டளையை மனிதன் செய்கிறான். அதில் அவனுக்கென்று ஓர் அர்த்தம் இருக்க வேண்டுமா? இருந்தால் அது எங்கிருந்து வரும்?

1204இல் எகிப்தில் காலமான மைமோனிடீஸ், கட்டளைகளுக்குக் காரணம் தேடலாம், தேட வேண்டும் என்ற கட்சி. அறபியில் எழுதிய தன் பெரிய நூலான ‘தலாலத்துல் ஹாயிரீன்’இல் வயல் கட்டளைகளின் காரணம் வெளிப்படை என்கிறார்: அவை இரக்கத்தைப் பழக்குகின்றன. இருபதாம் நூற்றாண்டில் ஜெரூசலத்தில் வாழ்ந்த யெஷயாஹு லெய்போவிட்ஸ் (1903–1994) இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். மனிதனுக்கு நன்மை என்பதற்காகச் செய்வது மனிதனுக்குச் செய்யும் சேவை, அதை வணக்கம் என்று சொல்லாதே என்பது அவர் கட்சி. அவரைப் பொறுத்தவரை கட்டளையின் ஒரே அர்த்தம் அது கட்டளையாக இருப்பதுதான்.

இருவருக்கும் நடுவில் நிற்கிறார் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக். ஜெர்மனியில் மதம் பேணாத குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராக மாறும் எல்லை வரை போய்த் திரும்பி வந்தவர். பிராங்பேர்ட்டில் 1920இல் பெரியவர்களுக்கு ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். எழுதிவைத்த சட்டம் ஒரு மனிதனை நேரே பார்த்து ‘நீ’ என்று கூப்பிடும் கணத்தில்தான் அது அவனுக்குக் கட்டளையாகிறது என்றார். அந்தக் கணம் வராத கட்டளையை அவர் தள்ளிவிடவும் இல்லை, பாசாங்காகச் செய்யவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட வணக்கத்தைச் செய்கிறீர்களா என்று கேட்டதற்கு ‘இன்னும் இல்லை’ என்று பதில் சொன்னதாக அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) இந்த மூவருக்கும் முந்தியவர். ‘இஹ்யா’வில் ஸகாத்தின் அந்தரங்கங்களுக்கென்றே ஒரு நூற்பகுதி ஒதுக்கினார். கொடுப்பவர் தன்னை உபகாரியாக நினைக்கும் இடத்தில் நோய் தொடங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. வாங்குபவர்தான் உபகாரி, கொடுப்பவரின் மீதிருந்த கடனையும் அழுக்கையும் இறக்கிவிட்டவர் அவர். ஆகவே நன்றி சொல்ல வேண்டியவர் கொடுத்தவர்.

இவர்கள் எல்லாரும் பேசுவது, நினைத்துச் செய்யும் காரியத்தைப் பற்றி. மறந்த கட்டு இந்தப் பேச்சுக்குள் அடங்க மறுக்கிறது. இரக்கப்பட்டு யாரும் மறப்பதில்லை. ஆகவே மைமோனிடீஸின் பழக்கம் இங்கே வேலை செய்யாது. கீழ்ப்படிந்தும் மறக்க முடியாது. லெய்போவிட்ஸின் வணக்கமும் இல்லை. ‘நீ’ என்று கூப்பிட்ட குரல் எதுவும் அந்தப் பெரியவர் காதில் விழவில்லை. அப்படியிருந்தும் வாழ்நாளிலேயே பெரிய சந்தோஷம் அவருக்கு இதில்தான் கிடைத்தது. ஏன்?

கட்டளையை இன்னொரு முறை கவனித்தால் ஒரு வழி திறக்கிறது. மறந்துவிடு என்று தவ்றாத் சொல்லவில்லை. மறந்துவிட்டால் திரும்பிப் போகாதே என்றுதான் சொல்கிறது. மறதி தானாக நடக்கிறது. நினைவு வந்த பிறகு கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் மனிதன் உள்ளே வருகிறான். வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே, அந்தக் கட்டு இனி என்னுடையதல்ல என்று ஒத்துக்கொள்வதுதான் அவரிடம் கேட்கப்பட்ட முழு வேலை. கொடுக்கும் பெருமை அதில் இல்லை. கை நீட்டியவர் முகத்தைப் பார்க்கவில்லை. தன் சொத்து ஓரிடத்தில் முடிகிறது, அந்த இடத்தைத் தான் தேர்ந்தெடுக்கவில்லை என்ற அறிவு மட்டும் மிஞ்சுகிறது. காளை வெட்டிக் கொண்டாடும் அளவுக்கு அது அவருக்கு விடுதலையாக இருந்திருக்க வேண்டும்.

ரூத்தின் கதையில் இதற்கு நேர்மாறான ஒரு நுட்பம் உண்டு. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் உள்ள கிறிஸ்தவ வீடுகளுக்கு நன்கு தெரிந்த கதை. மோவாப் நாட்டு விதவை ரூத், பெத்லகேமில் போவாஸின் வயலில் கதிர் பொறுக்க வருகிறாள். போவாஸ் வேலையாட்களிடம், கட்டுகளிலிருந்து கொஞ்சம் கதிரை உருவி வேண்டுமென்றே கீழே போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். கொடுப்பதை விழுந்தது போலக் காட்டுகிறார். ரூத் பொறுக்கிக்கொண்டு போகிறாள், கை ஏந்தவில்லை. கொடுப்பவர் தன்னை மறைத்துக்கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்கு இது சாட்சி. மறந்தவருக்கு அந்தப் பாடு மிச்சம்.

இஸ்லாத்தில் ஸகாத்துக்கு நிய்யத் வேண்டும். செயல்கள் எண்ணத்தைக் கொண்டே என்ற ஹதீஸ் இந்தக் கரையின் மத்ரஸாப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஆனால் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இன்னொரு ஹதீஸ் வயல்காரருக்கு வேறொரு கதவைத் திறக்கிறது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரோ பறவையோ விலங்கோ தின்றால் அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படும். குருவி கொத்திக்கொண்டு போனதற்கு யார் நிய்யத் வைத்தார்கள்? அம்பாறை மாவட்டத்தில் இந்த ஹதீஸைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். இங்கே வயலுக்குள் இறங்கும் விலங்கு யானை. ஒரே இரவில் ஒரு போகத்தையே மிதித்துவிட்டுப் போகும்.

மிஷ்னாவுக்கு விரிவுரையாக வளர்ந்த தல்மூதில் பறவைக்கு இந்தச் சலுகை இல்லை. பாபிலோனியாவில் லேவி என்பவர் வயல் விதைத்தார். பொறுக்க வர அங்கே ஏழைகள் யாரும் இல்லை. என்ன செய்வது என்று ரவ் ஷேஷெத்திடம் போய்க் கேட்டார். ஏழைக்கும் வந்தேறிக்கும் விடு என்றுதான் எழுதியிருக்கிறது, காகத்துக்கும் வௌவாலுக்கும் அல்ல என்று பதில் வந்தது. ஆள் இல்லையென்றால் கட்டளையும் இல்லை. கதிரைச் சும்மா காயவிட்டுப் புண்ணியம் தேட முடியாது என்ற கறார் இது.

அதே மரபு இன்னோரிடத்தில் தாராளம் காட்டியது. யூதரல்லாத ஏழைகள் பேயாவும் லெகெட்டும் ஷிக்ஹாவும் எடுக்க வந்தால் தடுக்காதே, ஊர்ச் சமாதானம் பெரிது என்று மிஷ்னா விதித்தது. சம்மாந்துறையும் காரைதீவும், அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் வரம்பால் மட்டும் பிரிந்திருக்கும் இந்தப் பிரதேசத்தில் அந்த விதியின் அருமை சொல்லாமலே விளங்கும். ஸகாத்தைப் பிற மதத்தவருக்குக் கொடுப்பதை இமாம்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஸதகா யாருக்கும் கொடுக்கலாம் என்பதில் தடையில்லை. பதிவேட்டில் ஏறும் பணத்துக்கு ஆள் யார் என்று தெரிய வேண்டும். வயல் ஓரத்துக் கதிருக்கு வருகிறவர் பெயரைக் கேட்கும் வழக்கமில்லை.

அந்த ஓரம் இன்று இருக்கிறதா? அரிவாளால் வெட்டி, உப்பட்டி போட்டு, கட்டாகக் கட்டி, சூடு வைத்து, களவெட்டியில் மிதித்த காலத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதைப் பொறுக்கப் பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். களவெட்டிக்கு வந்து நின்றவருக்குப் பொலியிலிருந்து அள்ளிக் கொடுப்பதும் வழக்கமாக இருந்தது. வேளாண்மை வெட்டும் மெசின் வந்த பிறகு வெட்டு, சூடடிப்பு, தூற்றல் எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிகிறது. உப்பட்டியும் இல்லை, கட்டும் இல்லை. மறக்க எதுவும் இல்லை. நெல் மூடையாகவோ ஈரத்தோடு லொறியிலோ வயலிலிருந்தே வியாபாரியிடம் போய்விடுகிறது. போடியார் கையில் மிஞ்சுவது ஒரு தொகை.

ஆகவே கேள்விகளும் தொகையைப் பற்றியவையாக மாறின. பசளை, கிருமிநாசினி, மெசின் கூலி, வங்கிக் கடன் ஆகியவற்றைக் கழித்துவிட்டு ஸகாத் கணக்கிடலாமா? ஷாபிஈ மத்ஹபின் பழைய தீர்ப்பு கழிக்காதே என்பது. யூசுப் அல்கர்ளாவி போன்ற தற்கால அறிஞர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து அதே ஆண்டு நவம்பரில் கைவிட்டது. அந்தப் பெரும்போகத்தில் நாடெங்கும் விளைச்சல் சரிந்தபோது இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. குத்தகைக் காணிக்கு யார் கொடுப்பது என்பதிலும் இரண்டு பக்கம் உண்டு: காணிக்காரர் என்றார் இமாம் அபூஹனீபா, பயிர் செய்தவர் என்றார்கள் மற்ற இமாம்களில் பெரும்பாலோர். கல்முனையில் கடை வைத்துக்கொண்டு வட்டையில் காணியைக் குத்தகைக்கு விட்டவருக்கும், அதை உழுது கடன்பட்டவருக்கும் இது வெறும் மத்ஹப் வித்தியாசமாகத் தெரியாது.

ஸகாத்தைப் பள்ளிவாசல் வழியாகச் சேர்த்துப் பங்கிடும் முறை, வாசலில் வரிசையில் நிற்கவைத்துச் சில்லறை கொடுக்கும் பழக்கத்தைவிட எவ்வளவோ மேல். கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்கும் வாங்கியவர் யார் என்று கொடுத்தவருக்கும் தெரியாது. மைமோனிடீஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக அடுக்கியபோது இப்படிப்பட்ட கொடையை மேலிருந்து இரண்டாவது படியில் வைத்தார். ஒருவரைத் தொழிலில் நிமிர்த்திவிடுவதுதான் முதல் படி. தையல் மெசினும் வள்ளமும் வாங்கிக் கொடுக்கிற ஸகாத் அந்த முதல் படியைத் தொடுகிறது. இஸ்ரேலிலும் பேயா அப்படியே நிற்கவில்லை. ‘லெகெட்’ என்று அந்தப் பழைய கட்டளையின் பெயரையே சூடிய தொண்டு நிறுவனம் ஒன்று 2003 முதல் மிஞ்சிய விளைச்சலையும் சமைத்த உணவையும் திரட்டி ஏழைகளுக்குச் சேர்க்கிறது. ஏழை வயலுக்கு வருவதில்லை. உணவு லொறியில் அவரைத் தேடிப் போகிறது. வயிறு நிறைவதுதான் முதல் நோக்கம் என்றால் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் வயல்காரரின் பங்கு இதில் மாறிவிட்டது. பழைய கட்டளையில் ஏழை அவருடைய காணிக்குள், அவர் கண் முன்னால், அவரிடம் கேட்காமல் நடமாடினார். அதைச் சகித்துக்கொள்வதுதான் அவருக்கான பயிற்சி. பற்றுச்சீட்டு வாங்கியவருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

மெசினுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வரம்பு மூலைகளில் அது சுலபமாகத் திரும்பாது. அங்கே கொஞ்சம் கதிர் நின்றுவிடும். அதைக் கையால்தான் வெட்ட வேண்டும். ஆள் பிடித்தால் கூலி கட்டாது என்று சில மூலைகள் அப்படியே விடப்படுவதும் உண்டு. கட்டாது என்று விட்டது கொடையாகுமா என்று கேட்டால் சட்டக்காரர்கள் தலையைச் சொறிவார்கள். ஒருவர் தெருவில் தவறவிட்ட காசை ஏழை கண்டெடுத்துச் சாப்பிட்டால், தவறவிட்டவருக்குத் தெரியாமலே அவருக்கு நன்மை உண்டு என்று மறந்த கட்டுக்கு உரை எழுதிய ரப்பிமார் சொன்னார்கள். அந்தக் கணக்கில் மூலைக் கதிருக்கும் இடம் உண்டு. மிச்சமிருப்பது, மறுநாள் காலையில் ஒரு பெண் கைப்பையோடு அந்த மூலையில் குனிந்து நிற்பதைக் காணிக்காரர் பார்க்கும்போது வரம்பிலிருந்து குரல் கொடுப்பாரா, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவாரா என்பது.